ஒரே ரேக், ஐந்து கடை: பல தளங்களில் விற்பவர்களுக்கான ஸ்டாக் வழிகாட்டி

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு லாட் டி-ஷர்ட் எடுத்து, வீட்டு மாடியில் ரேக் போட்டு அடுக்கி, அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ மூன்றிலும் விற்பனைக்குப் போடுவது இன்றைக்குப் பெரிய காரியமில்லை. கூடவே ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், ஒரு வாட்ஸ்அப் குரூப். நாளுக்கு நாலு ஆர்டர் வருகிறவரை கண்ணால் பார்த்தே சமாளித்துவிடலாம். ஆர்டர் கூடும்போதுதான் சிக்கல் தெரியும். விற்கும் இடம் ஐந்து, சரக்கு இருப்பதோ ஒரே ரேக்கில்.

நேவி ப்ளூவில் எல் சைஸ் கடைசி ஒரு பீஸ் இருக்கிறது என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அமேசானில் ஒருவர், மீஷோவில் ஒருவர், ஃபிளிப்கார்ட்டில் ஒருவர் அதை வாங்குகிறார்கள். திங்கள் காலையில் ஒரு சட்டைக்கு மூன்று பேர். ஒருவருக்கு அனுப்பிவிட்டு மற்ற இரண்டையும் நாம்தான் கேன்சல் செய்ய வேண்டும். அனுப்புவதற்கு முன்பே விற்பனையாளர் கேன்சல் செய்யும் ஆர்டர்கள் ஏழு நாள் கணக்கில் 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமேசான் வைத்திருக்கும் அளவு. வாரத்துக்கு 40 ஆர்டர் வருகிறவருக்கு ஒரே ஒரு கேன்சலே 2.5 சதவீதம். பெரிய கடைக்காரருக்குக் கணக்கிலேயே வராத ஒரு பீஸ், புதிதாக வந்தவரின் அக்கவுண்டை ஆட்டிவிடும்.

இதற்கு நேர்மாறான நஷ்டமும் உண்டு. ரேக்கில் பன்னிரண்டு பீஸ் கிடக்கும், தளத்தில் பூஜ்யம் என்று இருக்கும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், மெயில் வராது, அபராதம் வராது. வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். இந்த இரண்டாவது வகையில் போகும் பணம்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். அசல் எண் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தளங்களில் தெரிவதெல்லாம் அதன் நகல். ரேக்கிலிருந்து ஒரு பீஸ் எந்தக் காரணத்துக்காக நகர்ந்தாலும் அசல் கணக்கில் ஒரு வரி ஏற வேண்டும். இதைச் செய்ய ஆரம்பத்தில் சாஃப்ட்வேர் தேவையில்லை, கூகுள் ஷீட் போதும். எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

பெயர் வைப்பதில் தொடங்குங்கள்

ஒவ்வொரு டிசைன், நிறம், சைஸுக்கும் தனித்தனி எஸ்.கே.யு., அதாவது நாமே வைக்கும் அடையாளப் பெயர் வேண்டும். ரவுண்ட் நெக், 180 ஜி.எஸ்.எம். (துணியின் கனத்தைச் சொல்லும் எடை அளவு), நேவி, எல் என்றால் 'ஆர்என்180-நேவி-எல்' என்பது போல. தளத்தில் உள்ளிடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி விடாமல் போடுங்கள். முக்கியமானது, எல்லாத் தளத்திலும் இதே எஸ்.கே.யு.வை எழுத்து மாறாமல் கொடுக்க வேண்டும். அமேசான் தன் பங்குக்கு ஏ.எஸ்.ஐ.என். என்று ஒரு எண் கொடுக்கும், ஃபிளிப்கார்ட் எஃப்.எஸ்.என். என்று இன்னொன்று கொடுக்கும். அவை அவர்களுடைய வசதிக்கு. உங்கள் ரேக்குக்கு உங்கள் பெயர்தான்.

அவசரத்தில் அமேசானில் 'நேவி' என்றும் மீஷோவில் 'டார்க் ப்ளூ' என்றும் போட்டுவிட்டால், பின்னால் எந்த சாஃப்ட்வேரை வாங்கினாலும் முதல் வாரம் முழுக்க இந்தப் பெயர்களைப் பொருத்துவதிலேயே போய்விடும்.

குழந்தைகள் துணி விற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு முதல் மூன்று வயது என்பதை '2-3' என்று எக்செல்லில் தட்டினால், அது தேதி என்று நினைத்து மார்ச் 2 ஆக்கிவிடும். '4-5' மே 4 ஆகிவிடும். அந்த ஃபைலை அப்படியே தளத்தில் ஏற்றினால் சைஸ் காலத்தில் (column, நெடுவரிசை) தேதி போய் உட்காரும், இல்லையென்றால் பாதி வரிகள் ஏறாமல் நிற்கும். அந்தக் காலத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் தட்டுங்கள், அல்லது '2டு3' என்று எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எஸ்.கே.யு.வும் வேண்டாம், எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 'ஓ' என்ற எழுத்தையும் தவிர்ப்பது நல்லது, பூஜ்யத்தோடு குழம்பும்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மீந்த சரக்கு) எடுப்பவர்கள் லாட் எண்ணையும் எஸ்.கே.யு.வில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே மெரூன், அதே சைஸ் என்று இரண்டாவது லாட் வரும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஷேடு வேறாக இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால், போட்டோவில் பார்த்த நிறம் வரவில்லை என்று ரிட்டர்ன் வரும்போது எந்த லாட்டில் குறை என்று கண்டுபிடிக்க முடியாது.

முதல் எண்ணிக்கை

தொடக்க இருப்பைக் கொள்முதல் பில்லைப் பார்த்து எழுதாதீர்கள். பண்டலைப் பிரித்து எண்ணுங்கள். எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்ற ரேஷியோவில் கட்டியது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். சர்ப்ளஸ் பண்டலில் அது அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. மொத்தம் சரியாக இருக்கும், உள்ளே எம் குறைந்து எக்ஸ்எல் கூடியிருக்கும். நமக்கு வேண்டியது மொத்தம் இல்லை, ஒவ்வொரு சைஸின் எண்ணிக்கை.

எண்ணும்போதே தையல் விட்டது, கறை பட்டது, பட்டன் இல்லாதது எல்லாவற்றையும் செகண்ட்ஸ் என்று தனிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். ரேக்கில் நிற்கும் ஒவ்வொரு பீஸும் இந்த நிமிடமே பேக் செய்து அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். அனுப்ப முடியாத பீஸ் ரேக்கில் இருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஆர்டர் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது எண்ணவும் வேண்டாம். கூரியர் பையன் பிக்கப் முடித்துப் போன பிறகு, அடுத்த நாள் பேக்கிங் தொடங்கும் முன் எண்ணுவதுதான் வசதி.

ஷீட்டில் இரண்டு பக்கம்

முதல் பக்கம் நடமாட்டப் பதிவு. தேதி, எஸ்.கே.யு., என்ன நடந்தது, எத்தனை, எந்தத் தளம், ஆர்டர் எண் என்று ஆறு காலம். உள்ளே வந்தால் கூட்டல், வெளியே போனால் கழித்தல். எழுதிய வரியை அழிக்கவோ திருத்தவோ கூடாது. தப்பாகப் போட்டால் கீழே இன்னொரு வரியில் நேர் செய்யுங்கள். வங்கி பாஸ்புக்கில் யாரும் பழைய வரியை அழித்து எழுதுவதில்லை, அதே மாதிரி.

இரண்டாம் பக்கத்தில் எஸ்.கே.யு.க்களின் பட்டியல் மட்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் முதல் பக்கத்து எண்களைக் கூட்டிக் காட்டும் சம்இஃப் (SUMIF) சூத்திரம். இந்தப் பக்கத்தில் இருப்பு எண்ணைக் கையால் தட்டக் கூடாது. தட்ட ஆரம்பித்தால் எந்த எண் எதனால் வந்தது என்பது ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

'என்ன நடந்தது' என்ற காலத்தில் கொள்முதல், விற்பனை, ரிட்டர்ன் வரவு, சேதம், சாம்பிள், எண்ணிக்கைத் திருத்தம் என்று ஆறு சொற்களை டிராப்டவுனாக வைத்துவிடுங்கள். இதில் எல்லோரும் மறப்பது சாம்பிள். ரீல்ஸ் எடுக்க ஒரு பீஸ் போகும், மச்சான் ஊருக்குப் போகும்போது ஒன்று எடுத்துப்போவார், ரீசெல்லர் அக்காவுக்கு மாடல் பார்க்க ஒன்று போகும். யாரும் திருடவில்லை. ஆனால் மாதக் கடைசியில் ஐந்து பீஸ் குறையும்.

ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர்களுக்கு இது கடமையும்கூட. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இல்லாதவர்கள் தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, தொலைந்தது, திருடு போனது, அழிந்தது, இலவசமாகவோ சாம்பிளாகவோ கொடுத்தது, மீதி இருப்பு என்று தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்று சி.ஜி.எஸ்.டி. விதி 56 சொல்கிறது. சட்டத்தின் 17(5) பிரிவுப்படி சாம்பிளாகக் கொடுத்ததற்கும் அழிந்துபோனதற்கும் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. அந்த ஆறு சொற்களையும் சரியாகப் போட்டு வந்தால் ஆடிட்டர் கேட்கும்போது ஷீட்டை அப்படியே அனுப்பிவிடலாம்.

தளத்தில் எத்தனை என்று போடுவது?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரேக்கில் நேவி எல் எண்ணினீர்கள், 23 இருக்கிறது. அதனால் தளத்தில் 23 என்று போடலாமா? கூடாது. அந்த 23-இல் ஏற்கெனவே விற்றுப்போய் இன்னும் பேக் செய்யாத பீஸ்களும் இருக்கின்றன. அமேசானில் 2, மீஷோவில் 3 காத்திருக்கின்றன என்று வையுங்கள். அமேசானில் இன்னொரு ஆர்டர் 'பெண்டிங்' என்று காட்டுகிறது. பணம் உறுதியாகாததால் அது பேக்கிங் பட்டியலில் வராது, ஆனால் அமேசான் அதற்குரிய பீஸை ஒதுக்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கு எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆக 8 பீஸ் கையில் இருந்தாலும் உங்களுடையது இல்லை. மீதி 15-தான் விற்கலாம்.

ஆர்டர் விழுந்ததுமே தளம் தன் எண்ணில் ஒன்றைக் கழித்துவிடுகிறது. நீங்கள் ரேக்கைப் பார்த்துவிட்டு அந்த எண்ணின் மேலேயே 23 என்று தட்டினால், அது கழித்து வைத்ததை எல்லாம் திருப்பிப் போட்டுவிடுகிறீர்கள். எட்டு பீஸ் இரண்டாவது முறை விற்பனைக்குப் போகிறது. கையில் இல்லாததை விற்கும் இதுதான் ஓவர்செல். "கரெக்டாகத்தானே எண்ணிப் போட்டேன், எப்படி ஓவர்செல் ஆச்சு?" என்று கேட்கிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

ஆகவே இரண்டாம் பக்கத்தில் மூன்று காலம் வேண்டும்: ரேக்கில் இருப்பது, ஒதுக்கியது, விற்கக்கூடியது. தளத்துக்குப் போவது மூன்றாவது மட்டும். ஆர்டர் வந்த உடனேயே விற்பனை வரி எழுதிவிடும் பழக்கம் இருந்தால் அந்த ஆர்டர்களைத் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை, சூத்திரமே கழித்துவிடும். வாட்ஸ்அப் ஒதுக்கீடு மட்டும் தனியாக நிற்கும். எந்த முறை என்றாலும் சரி, இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் ஒரே பீஸ் இரண்டு முறை கழியும்.

சரி, 15 விற்கலாம். மூன்று தளத்திலும் 15 என்றே போடலாமா, ஐந்தைந்தாகப் பிரிக்கலாமா? பிரித்தால் ஓவர்செல் ஆகவே ஆகாது. ஆனால் மீஷோவில் ஐந்து தீர்ந்து பூஜ்யம் காட்டும்போது ஃபிளிப்கார்ட்டில் ஐந்தும் அப்படியே தூங்கும். இருப்பு நிறைய இருக்கும்போது பிரிக்க வேண்டியதே இல்லை என்பது என் கட்சி.

கணக்கு இப்படி. ஒரு நாளில் எத்தனை முறை எண்களைப் புதுப்பிக்கிறீர்கள்? காலை 8, மதியம் 1, மாலை 6, ராத்திரி 10 என்றால் நீண்ட இடைவெளி ராத்திரிதான். அந்தப் பத்து மணி நேரத்தில் எல்லாத் தளமும் சேர்த்து நேவி எல் அதிகபட்சம் எத்தனை போயிருக்கிறது என்று கடந்த ஒரு மாதப் பதிவைப் பாருங்கள். நாலு என்று வையுங்கள். விற்கக்கூடியது 15 இருக்கும்வரை எல்லா இடத்திலும் 15 காட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து தொடங்குவது இருப்பு அந்த நாலை நெருங்கும்போது. பாதுகாப்புக்கு இரண்டு சேர்த்து ஆறு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். விற்கக்கூடியது ஆறுக்குக் கீழே இறங்கியதும் ஒரு தளத்தில் மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றில் பூஜ்யமாக்கிவிடுங்கள். எந்தத் தளத்தில் வைப்பது என்பது உங்கள் விருப்பம். ரிட்டர்ன் குறைவாக வரும் தளத்தை நான் தேர்ந்தெடுப்பேன்.

இந்தக் கோடு ஒவ்வொரு எஸ்.கே.யு.வுக்கும் வேறு. வெள்ளை எம் நாளுக்கு இருபது போகும், மஸ்டர்ட் எக்ஸ்எல் வாரத்துக்கு ஒன்று போகும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி 'ஐந்து பீஸ் பஃபர்' என்று சிலர் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் மஸ்டர்டில் கடைசி ஐந்து பீஸ் எந்தக் காலத்திலும் விற்காது, வெள்ளையில் ஐந்து பத்தாது.

"எடுத்து வைங்கக்கா"

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும்போது தளம் என்று எதுவும் நமக்காகக் கழித்துக்கொடுக்காது. "அக்கா, ப்ளாக்ல ரெண்டு எடுத்து வைங்க, சம்பளம் வந்ததும் ஜிபே பண்றேன்" என்று ஒரு மெசேஜ் வரும். நாமும் சரி என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடுவோம். அந்த இரண்டு பீஸ் இப்போது எங்கே இருக்கிறது? ரேக்கில் இருக்கிறது, தளத்தில் விற்பனைக்கும் இருக்கிறது, அந்தப் பெண்ணின் மனதிலும் இருக்கிறது.

இதற்கு விதி கடுமையாக இருக்க வேண்டும். சரி என்று பதில் போடும் அதே நிமிடத்தில் பீஸை ரேக்கிலிருந்து எடுத்து 'ஹோல்டு' பெட்டிக்கு மாற்றி, பெயரும் தேதியும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை அதில் குத்துங்கள். ஷீட்டில் 'ஒதுக்கியது' காலத்தில் ஏற்றுங்கள். கூடவே ஒரு கெடு சொல்லுங்கள். சொந்த வெப்சைட்டுக்கு வூகாமர்ஸ் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள்: பணம் கட்டாத ஆர்டருக்கு 60 நிமிடம் ஸ்டாக்கைப் பிடித்து வைத்துவிட்டு, பிறகு ஆர்டரைக் கேன்சல் செய்து தானாக விடுவித்துவிடும், அதுதான் அதன் வழக்கமான அமைப்பு. தெரிந்த வாடிக்கையாளரிடம் 60 நிமிடம் என்று சொல்ல வாய் வராது. ராத்திரி பத்து மணிக்குள் பணம் வந்தால் உங்களுடையது, இல்லையென்றால் திரும்ப ரேக்குக்கு என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ராத்திரி புதுப்பிக்கும்போது ஹோல்டு பெட்டியை ஒரு பார்வை பாருங்கள். கெடு தாண்டியது எல்லாம் ரேக்குக்கு.

லைவ் போட்டு விற்பவர்கள் இன்னும் எளிதாக ஒன்று செய்யலாம். லைவில் காட்டப்போகும் பீஸ்களைத் தொடங்குவதற்கு முன்பே எல்லாத் தளத்திலும் கழித்துவிடுங்கள். லைவ் முடிந்து மீந்ததைத் திரும்பச் சேருங்கள். கமெண்ட் ஓடும் வேகத்தில் நடுவில் எந்தக் கணக்கும் எழுத முடியாது.

திரும்பி வருவது

துணி வியாபாரத்தில் ஸ்டாக் கணக்கைக் கெடுப்பதில் முதலிடம் ரிட்டர்னுக்குத்தான். கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டுவிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டால் ஆர்.டி.ஓ. (ரிட்டர்ன் டு ஒரிஜின், அனுப்பியவருக்கே திரும்புவது); வாங்கிப் பார்த்து, போட்டும் பார்த்துத் திருப்பினால் கஸ்டமர் ரிட்டர்ன். முதலாவதில் பெரும்பாலும் பார்சல் பிரிக்காமல் வரும். இரண்டாவதில் எது வேண்டுமானாலும் வரும், நீங்கள் அனுப்பாத சட்டைகூட.

தளத்தில் 'ரிட்டர்ன்' என்று காட்டும் தேதியை நம்பிக் கணக்கில் ஏற்றாதீர்கள். அந்த நேரத்தில் பீஸ் ஏதோ ஒரு ஊர் ஹப்பில் கிடக்கும். பார்சல் கைக்கு வந்து, பிரித்து, பார்த்து, ரேக்கில் வைத்த பிறகுதான் 'ரிட்டர்ன் வரவு'. சில சாஃப்ட்வேர்கள் ரிட்டர்ன் பதிவானதுமே ஒன்றைக் கூட்டிவிடும். அந்த அமைப்பை அணைத்து வையுங்கள். சொந்த வெப்சைட் கடைக்கு ஷாப்பிஃபை வைத்திருந்தால், அதில் ரீஃபண்ட் செய்யும்போது 'திரும்ப ஸ்டாக்கில் சேர்' என்ற கட்டம் ஒன்று இருக்கும். பீஸ் வராமல் பணத்தை மட்டும் திருப்பித் தருகிறீர்கள் என்றால் அதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டே செய்யுங்கள். பார்சல் லேபிள், ஒட்டிய டேப், உள்ளே இருக்கும் பீஸ் எல்லாம் ஒரே ஓட்டத்தில், நடுவில் வெட்டு இல்லாமல் தெரிய வேண்டும். வேறு பொருள் வந்தாலோ காலிக் கவர் வந்தாலோ நஷ்டஈடு கேட்டு அமேசானில் சேஃப்-டி கிளெய்ம், ஃபிளிப்கார்ட்டில் எஸ்.பி.எஃப். கிளெய்ம் போட இந்த ஆதாரம் கைகொடுக்கும். மீஷோவிலும் அப்படித்தான். கிளெய்முக்கு நாள் கெடு உண்டு என்பதால் ரிட்டர்ன் பார்சலைக் குவித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விடக் கூடாது.

பிரித்த பீஸ் மூன்று வழியில் போகும். நன்றாக இருந்தால் மடித்து, புதுக் கவர் போட்டு, பார்கோடு ஒட்டி ரேக்குக்கு. சென்ட் வாசமோ கறையோ இருந்தால் செகண்ட்ஸ் பெட்டிக்கு. மாறி வந்திருந்தால் கிளெய்ம் முடியும்வரை தனியாக. இங்கே ஒரு கண் வையுங்கள்: மாறி வந்தது உங்கள் சரக்கே என்றால், வாடிக்கையாளரை ஏசுவதற்கு முன் பேக்கிங் மேஜையைப் பார்க்க வேண்டும். நேவியும் கறுப்பும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்று போலத்தான் தெரியும்.

இதனால்தான் ஆர்டர் கொஞ்சம் கூடியதும் பார்கோடு ஸ்கேனர் வாங்கிவிடச் சொல்வேன். யு.எஸ்.பி. ஸ்கேனர் ஒரு கீபோர்டு மாதிரிதான் வேலை செய்யும். ஷீட்டில் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எஸ்.கே.யு.வைத் தட்டிவிடும், வேறு எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பேக்கிங் செய்பவர் கண்ணால் நிறம் பார்ப்பதற்குப் பதில் ஸ்கேன் செய்து பார்த்துக் கவரில் போட்டால் மாறிப்போவது பெரிய அளவில் நின்றுவிடும்.

காம்போ, வெளிக் கிடங்கு

'மூன்று டி-ஷர்ட் பேக்' என்று போட்டால் அதற்கென்று தனி இருப்பு வைக்காதீர்கள். நேவி 15, வெள்ளை 22, கிரே 7 இருக்கிறது, காம்போவில் ஒவ்வொன்றிலும் ஒன்று என்றால் ஏழு காம்போதான் விற்கலாம். எது குறைவோ அதுதான் எண். ஒரு காம்போ போனால் பதிவில் மூன்று வரி, மூன்று எஸ்.கே.யு.விலும் ஒவ்வொன்று கழித்தல். தனிக் கிரே ஒன்று விற்றாலும் காம்போ எண் குறைய வேண்டும் என்பதால் இதை ஷீட்டில் சூத்திரமாகவே போட்டுவிடுங்கள்.

தளமே சரக்கை வைத்திருந்து பேக் செய்து அனுப்பும் கிடங்குக்கு (அமேசானில் எஃப்.பி.ஏ., ஃபிளிப்கார்ட்டில் எஃப்.பி.எஃப்.) சரக்கு அனுப்பினால் அது வேறு ரேக். அந்த இருப்பை வீட்டு இருப்போடு கூட்டவே கூடாது. அங்கிருக்கும் பீஸை எடுத்து மீஷோ ஆர்டருக்கு அனுப்ப முடியாது, அல்லவா? நூறு அனுப்பினால் வீட்டில் நூறு கழித்து 'வழியில்' என்று எழுதுங்கள். அவர்கள் எண்ணி ஏற்றியதும் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். 98 என்று வந்தால் உடனே அந்தத் தளத்திடம் புகார் (கேஸ்) போட வேண்டும். அந்தக் கிடங்கை ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும் என்பதும், கிடங்கு வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநிலத்தில் தனிப் பதிவு வேண்டும் என்பதும் சரக்கு ஏற்றுவதற்கு முன் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

தினமும் கொஞ்சம் எண்ணுங்கள்

மார்ச் 31 அன்று எப்படியும் முழு இருப்பையும் எண்ணித்தான் ஆக வேண்டும். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை எண்ணினால் வித்தியாசம் தெரியும், காரணம் தெரியாது. தினமும் ஒரு தட்டு எண்ணுவது மேல். வேகமாகப் போகிற எஸ்.கே.யு.க்களை வாரம் ஒரு முறை, மெதுவாகப் போகிறவற்றை மாதம் ஒரு முறை.

எண்ணுகிறவரிடம் ஷீட்டில் என்ன எண் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். 19 என்று தெரிந்தால் 18 எண்ணிய கை, எங்கேயோ ஒன்றை விட்டிருப்போம் என்று 19 எழுதிவிடும்.

வித்தியாசம் வந்தால் உடனே திருத்த வரி போட்டு மூடிவிடாதீர்கள். பக்கத்து எண்ணையும் பாருங்கள். நேவி எல் ஒன்று கூடுதல், கறுப்பு எல் ஒன்று குறைவு என்றால் எதுவும் தொலையவில்லை. நேவி கேட்ட யாருக்கோ கறுப்பு போயிருக்கிறது. இன்னும் சில நாளில் அது ரிட்டர்னாக வரும், அப்போது கணக்கு தானே நேராகும். எம் ஒன்று குறைந்து எல் ஒன்று கூடினாலும் அதே கதை. ஜோடி சேராமல் ஒன்று மட்டும் குறைந்தால் ஹோல்டு பெட்டி, பிரிக்காத ரிட்டர்ன் பார்சல், போட்டோ எடுக்கும் மூலை மூன்றையும் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் திருத்த வரி போட்டு, பக்கத்தில் 'காரணம் தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதுங்கள். ஒரே எஸ்.கே.யு.வில் அது திரும்பத் திரும்ப வந்தால் அப்போது யோசிக்கலாம்.

சேல் நாட்கள்

தீபாவளிக்கு முந்தைய பெரிய சேல்களில் மேலே போட்ட கோடுகள் எல்லாம் பொய்யாகிவிடும். வழக்கமாக ராத்திரியில் நாலு போகும் பீஸ் ஒரு மணி நேரத்தில் நாற்பது போகலாம். ஃபிளிப்கார்ட் 2014 அக்டோபர் 6 அன்று முதல் பிக் பில்லியன் டே நடத்தியபோது, கேட்ட பொருள் ஸ்டாக் இல்லை, போட்ட ஆர்டர் கேன்சல் என்று வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய், நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் மறுநாளே மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய குழுவுக்கே அந்தக் கதி.

எனவே சேல் தொடங்கும் நாளுக்கு முந்தைய ராத்திரி முழு இருப்பையும் எண்ணிவிடுங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் ஐந்தைந்தாகப் பிரிக்கும் பழைய முறைக்குப் போவது பாதுகாப்பு: சேல் நடக்கும் தளத்துக்கு ஒரு பங்கு, மற்றவற்றுக்கு மிகச் சிறிய பங்கு. பத்துக்கும் குறைவாக இருக்கும் சைஸ்களைச் சேலில் சேர்க்கவே வேண்டாம். சேல் முடிந்து இரண்டு மூன்று வாரம் ரிட்டர்ன் மழை பெய்யும். அதை நம்பி முன்கூட்டியே எண்களை ஏற்றாமல், பிரித்துப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

சாஃப்ட்வேர் எப்போது?

நாளுக்கு நாலு முறை கையால் எண் மாற்றுவது முடியாத காரியம் ஆகும்போது. எத்தனை ஆர்டர் என்பதைவிட எத்தனை எஸ்.கே.யு. என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். பத்து டிசைன், ஆறு நிறம், ஐந்து சைஸ் என்றாலே 300 வரி, மூன்று தளத்தில் 900 எண். ஜோஹோ இன்வென்டரி, யூனிகாமர்ஸ், ஈஸிஈகாம், வின்குலம் என்று நம் நாட்டுத் தயாரிப்புகளே பல இருக்கின்றன. பணம் கட்டும் முன் அவர்களிடம் கேட்க வேண்டியவை: நான் விற்கும் ஒவ்வொரு தளத்தோடும் நேரடியாக இணையுமா, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைப் புதுப்பிக்கும், காம்போவை உடைத்துக் கழிக்குமா, ரிட்டர்னைப் பரிசோதித்த பிறகு மட்டும் சேர்க்கும்படி வைக்க முடியுமா, எஸ்.கே.யு. வாரியாகக் கோடு போட முடியுமா. டெமோவில் எல்லாவற்றுக்கும் முடியும் என்றுதான் சொல்வார்கள். உங்கள் சொந்த எஸ்.கே.யு. ஒன்றைக் கொடுத்து, கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இணைத்த பிறகு தளங்களுக்கு எண் எழுதுவது அந்த ஒன்று மட்டுமாக இருக்க வேண்டும். ஷாப்பிஃபையில் போட்டு வைத்த பழைய ஆப் ஒருபக்கம், புது சாஃப்ட்வேர் மறுபக்கம், நடுவில் தங்கச்சி மொபைலில் மீஷோ ஆப்பைத் திறந்து எண் மாற்றுவது என்று மூன்று கை எழுதினால், கடைசியாக எழுதியவர் எண்தான் நிற்கும், அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் விற்பனை குறைவான பத்து எஸ்.கே.யு.வை மட்டும் இணையுங்கள். தளத்துப் பெயர் உங்கள் எஸ்.கே.யு.வோடு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பொருந்தாத ஆர்டர் உள்ளே வரும், ஆனால் ஸ்டாக் கழியாது. இரண்டு வாரம் கூகுள் ஷீட்டையும் கூடவே நடத்துங்கள். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அடுத்த ஐம்பதை இணைக்கலாம்.